ஐம்பது சென்ட் கேசட், ஐந்து சாயங்காலம்

போன மாதம் ஒரு சனிக்கிழமை கிரீன்வில் போயிருந்தோம். செயின்ட் லூயிஸிலிருந்து கிழக்கே இன்டர்ஸ்டேட் 70-இல் ஏறினால் எண்பது கிலோமீட்டர் இருக்கும், இல்லினாய் மாநிலத்துச் சின்ன ஊர். ஒரு வீட்டு வாசலில் பழைய சாமான்களைப் பரப்பி கராஜ் சேல் போட்டிருந்தார்கள். என் மனைவி குக்கர் மூடி ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு ஷூ பெட்டி நிறைய இருந்த கேசட்டுகளைக் கிளறினேன். ஒன்று ஐம்பது சென்ட்.

பெட்டியின் அடியில் ஜார்ஸ் ஆஃப் க்ளே என்ற அமெரிக்கக் கிறிஸ்தவ ராக் குழுவின் முதல் ஆல்பம் கிடந்தது. இசைக்குழுவின் பெயர்தான் ஆல்பத்துக்கும் பெயர். 1995-இல் எஸென்ஷியல் ரெக்கார்ட்ஸ் வெளியிட்டது. இதை இந்த ஊரில் எடுப்பதில் எனக்கு ஒரு குறுகுறுப்பு, ஏனென்றால் அந்தப் பையன்கள் ஒன்றுசேர்ந்ததே இங்கேதான். 1993 வாக்கில் கிரீன்வில் கல்லூரியில் படித்துக்கொண்டே பாட்டுக் கட்டியவர்கள். ஃப்ரீ மெதடிஸ்ட் சபைக்காரர்கள் 1892-இல் தொடங்கிய கல்லூரி அது, 2017-இல் பல்கலைக்கழகம் ஆனது. பெயரை எங்கிருந்து எடுத்தார்கள் என்பது வேதப்பாட வகுப்புக்குப் போனவர்களுக்குச் சொல்லாமலே தெரியும். 'இந்தப் பொக்கிஷத்தை மண்பாண்டங்களில் பெற்றிருக்கிறோம்', 2 கொரிந்தியர் 4:7.

ஐம்பது சென்ட் கொடுத்தேன். குக்கர் மூடியும் வந்தது. அது எங்கள் குக்கருக்குச் சேரவில்லை, அது வேறு கதை.

கேசட் வந்தாயிற்று, போட்டுக் கேட்க டெக் வேண்டுமே. பேஸ்மென்ட்டில் முந்தைய குடித்தனக்காரர் விட்டுப்போன ஜப்பான் டெக் ஒன்று எட்டு வருடமாகச் சும்மா கிடந்தது. ப்ளக்கைச் செருகினேன், விளக்கு எரிந்தது. ப்ளே அமுக்கினால் உள்ளே மோட்டார் உறுமுகிறது, சக்கரம் அசையவில்லை. எட்டு திருகைக் கழற்றி மேல்மூடியை எடுத்துப் பார்த்தால் பெல்ட் இருக்க வேண்டிய இடத்தில் தார் ஊற்றினாற்போல் கரும்பசை. பழைய ரப்பர் பெல்ட்டுகள் சில காய்ந்து வெடிக்கும், சில இப்படி உருகிவிடும். உருகுவதுதான் கெட்ட ரகம்.

இந்த மாதிரி சமயத்தில் நான் கூப்பிடுவது நாகர்கோவிலில் இருக்கும் சித்தப்பாவை. வடசேரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் பதினெட்டு வருடம் ரெக்கார்டிங் கடை வைத்திருந்தவர். பாட்டுப் பட்டியலை நோட்டுத்தாளில் எழுதிக் கொடுத்தால் மறுநாள் சி-90 கேசட்டில் பதிந்து, உறையில் அழகான கையெழுத்தில் வரிசை எழுதித் தருவார். சிடி வந்து கடையை மூடினார். கையில் இருந்த வித்தை மட்டும் போகவில்லை.

"பெல்ட் தளர்ந்துட்டா? வெந்நீர்ல போட்டு ரெண்டு கொதி விடு மக்கா. சுருங்கி இறுகும். கடைல நாங்க அப்படித்தான் ஓட்டுவோம்."

"தளரல சித்தப்பா. உருகிக் குழம்பா கிடக்கு."

"அப்போ சோறுதான் வடிக்கணும்."

முதல் சாயங்காலம் முழுக்க அந்தக் குழம்பைத் துடைப்பதிலேயே போனது. ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த காதுகுடையும் பஞ்சுக்குச்சிகள் நாற்பதுக்கு மேல் செலவாயின. ஃப்ளைவீலின் விளிம்பில் ஒரு பொட்டு மிச்சம் இருந்தாலும் பாட்டு தள்ளாடும் என்பதால் நகத்தால் தடவித் தடவிப் பார்த்தேன். கையில் ஒட்டியது ரெண்டு நாள் போகவில்லை. புது பெல்ட்டுக்கு அளவெடுக்க, பழைய பெல்ட் ஓடிய பாதையில் தையல்நூலைச் சுற்றி, நீளத்தை எடுத்து, அதில் நூற்றுக்கு ஐந்து குறைத்தேன். அவ்வளவு இழுவை இருந்தால் போதும். ரொம்ப இறுக்கினால் மோட்டாரின் புஷ் தேயும். பல அளவு பெல்ட்டுகள் சேர்ந்த ஒரு பாக்கெட் வாங்கியதில் ஒன்று கச்சிதமாக உட்கார்ந்தது.

இரண்டாம் சாயங்காலம் கேசட்டைப் போட்டேன். ஓடியது. ஆனால் கேட்கச் சகிக்கவில்லை. 'லிக்விட்' என்ற முதல் பாட்டு, மடத்துத் துறவிகள் ஓதுவது போன்ற குரல்களோடு தொடங்கும். அவர்கள் மடத்துக்கு வெளியே, இன்னும் ரெண்டு தெரு தள்ளி நின்று ஓதினார்கள். சித்தப்பாவிடம் போனைப் பிடித்துக் கேட்க வைத்தேன்.

"போர்வைக்குள்ள இருந்து பாடுத மாதிரில்லா இருக்கு. சத்தம் ஒரு காதுக்கும் மறு காதுக்கும் அலையுதா?"

"ஆமா."

"பஞ்சு போயிட்டு. கேசட்ட எடுத்து வாயைப் பாரு."

கேசட்டின் வாயில், டேப்புக்குப் பின்னால், ஒரு செப்புத் தகடும் அதன் நடுவில் அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கம்பளித் துண்டும் இருக்கும். சித்தப்பா சொன்ன பஞ்சு அதுதான். டேப்பிலிருந்து ஒலியைப் படிக்கும் ஹெட்டோடு டேப்பைச் சேர்த்து அழுத்தி வைப்பது அது. முப்பது வருடத்தில் பசை காய்ந்து துண்டு உதிர்ந்திருந்தது. தகடு இருக்கிறது, கம்பளி இல்லை. அழுத்தம் போனால் முதலில் சாவது உயர்ந்த ஒலிகள். காரணம் எளிது. கேசட் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர்தான் ஓடுகிறது. பத்தாயிரம் ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை டேப்பில் ஐந்து மைக்ரான்கூட இல்லை. ஹெட்டுக்கும் டேப்புக்கும் நடுவே மயிரிழையில் பத்தில் ஒரு பங்கு இடைவெளி விழுந்தாலே அந்த அலை காணாமல் போய்விடும். பேஸ் அலைகள் நீளமானவை, அவை சமாளித்துக்கொள்ளும். அதனால்தான் போர்வைக்குள் பாடும் குரல்.

வேறு ஆல்பமாக இருந்தால் இவ்வளவு உறுத்தியிருக்காது என்று இப்போது தோன்றுகிறது. கரகரக்கும் எலெக்ட்ரிக் கிடாரும் இடி டிரம்ஸுமாக இருந்தால் பாதி தப்பித்திருக்கும். இவர்கள் செய்தது வேறு. அக்கூஸ்டிக் கிடார்களை மெஷினில் சுற்றவிட்ட டிரம்ஸ் லூப்பின் மேல் ஏற்றி, இடையிடையே வயலின் கோஷ்டியைச் சேர்த்தார்கள். கம்பியில் பிக் படும் உரசல், லூப்பில் குலுங்கும் சலசலப்பு, பாடகர் டான் ஹேசல்டைன் மூச்சு விடும் சத்தம், இவைதான் அந்த ஆல்பத்தின் உயிர். அத்தனையும் மேல்தட்டில் இருக்கும் ஒலிகள். பஞ்சு போனதும் போனது அந்த உயிர்தான்.

புதுப் பஞ்சு ஒட்டலாம் என்றால் கேசட்டின் பிளாஸ்டிக் ஓட்டைத் திறக்க வழியில்லை. ஐந்து திருகு போட்ட கேசட் என்றால் ஐந்து நிமிட வேலை. கடையில் பாட்டோடு விற்ற கேசட்டுகள் பலவும் திருகே இல்லாமல் ரெண்டு பாதியையும் உருக்கி ஒட்டியவை. இதுவும் அப்படி. அதனால் ஓட்டை உடைத்து, உள்ளே இருப்பதைத் திருகு போட்ட வேறு ஓட்டுக்குக் குடிமாற்ற முடிவு செய்தேன். வெற்றுக் கேசட் ஒன்று வாங்கினேன். அதன் ஓடு, உருளைகள், வழுக்குத் தாள், பஞ்சு எல்லாம் புதிது. டேப்பை மட்டும் எறியலாம்.

மூன்றாம் சாயங்காலம். மூட்டுக் கோட்டில் பேப்பர் கத்தியை மெதுவாக ஓட்டி, பிறகு தட்டை ஸ்க்ரூடிரைவரை நுழைத்துத் திருகினால் 'டக்' என்று ஒவ்வோர் ஒட்டாக விட்டுக்கொடுக்கும். கத்தியின் முனையை ரெண்டு மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே விடக்கூடாது, சுருள் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. திறக்கும்முன் டேப்பை ஒரு முனைக்கு முழுக்கச் சுற்றிவைத்துக்கொண்டேன். பென்சிலை எடுத்தபோது சித்தப்பா வீடியோவில் பார்த்துச் சிரித்தார். "பென்சில் வழுக்கும்டே. ரெனால்ட்ஸ் பேனா இருந்தா பிடிப்பா இருக்கும்." அமெரிக்காவில் ரெனால்ட்ஸ் பேனாவுக்கு எங்கே போக? பென்சிலோடுதான் சுற்றினேன்.

மேல் ஓட்டை எடுக்கும்போது சுருளைத் தூக்காமல், அடியில் இருக்கும் வழுக்குத் தாளோடு சேர்த்து நகர்த்த வேண்டும். சுருள் கையிலிருந்து நழுவி நடு கழன்றால், இடியாப்பத்தைத் திரும்ப மாவாக்கும் வேலை. அது நேரவில்லை. நேர்ந்தது வேறு. டேப்பின் தொடக்கத்தில் வெள்ளைத் தலைப்புநாடா முடிந்து பழுப்பு டேப் தொடங்கும் ஒட்டு, கை பட்டதும் பிரிந்துவிட்டது. அதை அடுத்த டேப்பும் நாலு சென்டிமீட்டருக்குக் கசங்கியிருந்தது.

கசங்கியதை வெட்டத்தான் வேண்டும். எவ்வளவு வெட்டினால் எவ்வளவு பாட்டு போகும் என்று கணக்குப் போட்டேன். நாலு சென்டிமீட்டர் என்றால் ஒரு நொடிக்கும் குறைவு. ஆனால் கேசட்டில் ஒரே இடம் ரெண்டு பக்கத்துக்கும் சொந்தம். முதல் பக்கத்தின் தொடக்கத்தை வெட்டினால் ரெண்டாம் பக்கத்தின் முடிவும் சேர்ந்து போகும். நல்லவேளையாக ரெண்டு பக்கமும் அங்கே மௌனம்தான். ரெண்டு முனையையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து நாற்பத்தைந்து டிகிரி சாய்வில் ஒரே வெட்டாக வெட்டினேன். பிறகு ஸ்ப்ளைசிங் டேப்பை ஹெட்டைத் தொடாத முகத்தில், அதாவது சுருளில் உள்ளே பார்க்கும் முகத்தில், ஒட்டி நகத்தால் அழுத்தினேன். சித்தப்பாவின் கடையில் இதற்குச் செல்லோ டேப்தான். "வெயில்ல பசை கசிஞ்சு பக்கத்துச் சுத்துல ஒட்டும், ஆறு மாசத்துல திரும்ப வருவான், நமக்கும் வியாபாரம்" என்றார். விளையாட்டுக்குத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

புது ஓட்டில் எல்லாம் அடங்கியது. திருகை முடுக்கி டெக்கில் போட்டேன்.

வந்த சத்தத்தைக் கேட்டு எழுந்து நின்றுவிட்டேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு முனகல், உள்ளே இழுக்கும் மூச்சைப் போல வீங்கி வீங்கி வந்து சட்டென்று அறுபடும் வயலின்கள், எந்த பாஷையும் இல்லாத ஒரு குரல். எல்லாம் தலைகீழாக ஓடியது. மனைவி மாடியிலிருந்து, "என்னங்க பண்ணுறீங்க கீழ?" என்று குரல் கொடுத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. டேப்பை உருளைகள் வழியாகக் கொண்டுவரும்போது ஓர் அரைத் திருகல் விழுந்திருக்கிறது. டேப் புரண்டு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடுகிறது. மேல் விளிம்பு கீழே போனதால் ரெண்டாம் பக்கத்தின் தடம் முதல் பக்கத்தின் இடத்துக்கு வந்துவிட்டது. அந்தத் தடம் எதிர்த்திசையில் பதிந்தது. ஆகவே நான் கேட்டது கடைசிப் பாட்டான 'ப்ளைண்ட்' பின்னாலிருந்து முன்னால் வருவதை, அதுவும் பிளாஸ்டிக் முதுகு வழியாக மங்கலாக.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1980-களில் அமெரிக்கப் போதகர்கள் பலர், ராக் இசைத்தட்டுகளைப் பின்னோக்கி ஓட்டினால் பிசாசின் செய்தி கேட்கும் என்று மேடைக்கு மேடை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலத்திலேயே மூத்த கிறிஸ்தவ ராக் குழுவான பெட்ரா, தங்கள் 1982 ஆல்பத்துப் பாட்டு ஒன்றின் தொடக்கத்தில் வேண்டுமென்றே ஒரு வாக்கியத்தைத் தலைகீழாகப் பதிந்து வைத்தது. மெனக்கெட்டுத் திருப்பிக் கேட்டவனுக்குக் கிடைத்தது, கர்த்தரைத் தேட வேண்டியவன் பிசாசை ஏன் தேடுகிறாய் என்ற கேள்வி. என் பேஸ்மென்ட்டில் நான் தேடியது ரெண்டு பேரையும் அல்ல, திருகலை. திரும்ப ஐந்து திருகு, திரும்ப பென்சில். திருகல் உருளைக்கு முன்னால் சாதுவாக உட்கார்ந்திருந்தது.

நாலாம் சாயங்காலம்தான் உண்மையில் சுகமான வேலை. பஞ்சு வந்து சத்தம் பெருமளவு தெளிந்தாலும், இன்னும் ஒரு மெல்லிய திரை இருந்தது. அது அசிமத். ஹெட்டில் இருக்கும் இடுக்கு டேப்புக்குச் சரியாகச் செங்குத்தாக நிற்க வேண்டும், கொஞ்சம் சாய்ந்தாலும் உயர்ந்த ஒலிகள் தம்மைத்தாமே அழித்துக்கொள்ளும். ரெண்டு சேனலையும் சேர்த்து மோனோவாக்கி ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டே, ஹெட்டின் பக்கத்துத் திருகைக் கால் சுற்றில் பாதி அளவு இப்படியும் அப்படியும் அசைத்தேன். மோனோவில்தான் தப்பு பளிச்சென்று தெரியும். ஓர் இடத்தில் திடீரென்று கிடாரில் பிக் உரசுவது பக்கத்து நாற்காலியில் கேட்டது. அங்கே நிறுத்தினேன்.

"திருகுல நெயில் பாலிஷ் ஒரு சொட்டு விடு, அசையாது" என்றார் சித்தப்பா. மனைவியின் சிவப்பு நெயில் பாலிஷ். கேட்டுத்தான் எடுத்தேன்.

இரைச்சலைக் குறைக்கும் டால்பி பட்டனை இதற்குப் பிறகுதான் தொட வேண்டும். டால்பி பி பதியும்போது மெல்லிய உயரொலிகளைத் தூக்கி வைக்கும், திரும்ப ஓட்டும்போது அதே அளவு இறக்கும், அதோடு இரைச்சலும் இறங்கும். ஹெட்டே உயரொலியைத் தவறவிட்டால் டால்பி அதை இன்னும் மெல்லியது என்று நம்பி மேலும் இறக்கிவிடும். 'டால்பி போட்டால் கேசட் அமுங்குது' என்று ஊரில் எல்லாரும் அதை அணைத்தே வைத்திருந்தோமே, அதில் பாதிப் பழி அழுக்கு ஹெட்டுக்கும் கோணல் அசிமத்துக்கும் போக வேண்டியது.

அடுத்தது வேகம். பாட்டு கொஞ்சம் விறைப்பாக ஓடுவதாகப் பட்டது. சோதனைக் கேசட் என்னிடம் இல்லை, ஆனால் இதே ஆல்பத்தின் சிடியை நூலகத்திலிருந்து எடுத்துவந்திருந்தேன். 'லவ் சாங் ஃபார் எ சேவியர்' பாட்டில் தெளிவான ரெண்டு அடிகளைக் குறித்துக்கொண்டேன். சிடியில் அவற்றுக்கு இடையே சரியாக 180 நொடி. என் டெக்கில் 177.9. நூற்றுக்கு 1.2 வேகம் கூடுதல், சுருதியில் ஓர் அரைச்சுரத்தின் ஐந்தில் ஒரு பங்கு. கம்ப்யூட்டரிலேயே சரிசெய்யலாம், ஆனால் மோட்டாரின் பின்பக்கத் துளைக்குள் சின்னத் திருகு இருக்கிறதே, கை சும்மா இருக்குமா? நாலு தடவை திருகி, நாலு தடவை அளந்து, 179.9-க்குக் கொண்டுவந்தேன்.

அந்த சிடியை ஓடவிட்டு மறந்துபோனதில் இன்னொன்று கிடைத்தது. கடைசிப் பாட்டு முடிந்த பிறகும் தட்டு நிற்காமல் ஓடுகிறது. பட்டியலில் இல்லாத ஒரு பாட்டு வருகிறது. 'ஃபோர் செவன்' என்று பெயர், கொரிந்தியர் வசன எண்தான். அதற்கும் பிறகு, ஸ்டுடியோவில் வயலின்காரர்கள் 'ப்ளைண்ட்' பாட்டுக்கு வாசித்துப் பதிவதன் மிச்சம் நீண்டுகொண்டே போகிறது. முந்தைய நாள் தலைகீழாகக் கேட்டு மிரண்ட அதே வயலின்கள். அவர்கள் தடுமாறித் திரும்ப எடுப்பதைக் கேட்டுக்கொண்டே டெக்கின் மூடியை மாட்டினேன்.

ஐந்தாம் சாயங்காலம் கம்ப்யூட்டரில் பதிவு. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். கேசட்டுக்கு 96 என்பதெல்லாம் வட்டிலுக்குள் சொம்பை வைத்துத் தண்ணீர் குடிப்பது. உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டேன். 'லிக்விட்'டும் ரெண்டாம் பக்கத்தில் வரும் 'ஃப்ளட்'டும் மட்டும் மற்றவற்றைவிட முட்டித்தள்ளிக்கொண்டு வரும். அவை ரெண்டை மட்டும் தயாரித்தவர் ஏட்ரியன் பிலூ, கிங் கிரிம்ஸனில் கிடார் வாசித்தவர், ஃப்ராங்க் ஜாப்பாவோடும் டேவிட் போவியோடும் மேடையேறியவர். மீதியைப் பையன்களே தயாரித்தார்கள். அலைவடிவத்தைத் திரையில் பார்க்கும்போதே யார் கை எது என்று எனக்குத் தெரிவதாக ஓர் எண்ணம், அது பிரமையாகவும் இருக்கலாம்.

'ஃப்ளட்' 1996-இல் பொது ராக் வானொலிகளில் ஓடி, பில்போர்டு ஹாட் 100-இல் 37-ஆம் இடம் வரை ஏறியது. நாற்பது நாள் மழையில் மூழ்கப்போகிறவன் தூக்கிவிடச் சொல்லி மன்றாடும் பாட்டு. இயேசு என்ற பெயர் அதில் ஓரிடத்திலும் இல்லை. சபைக்காரர்களுக்கு அது நோவா, ரேடியோ கேட்டவர்களுக்கு அது மழை. ஆல்பம் இருபது லட்சம் பிரதி தாண்டியதற்காக அமெரிக்காவில் இரட்டை பிளாட்டினம் பெற்றது. அந்த இருபது லட்சத்தில் எனக்கு வந்த ஒன்று ஷூ பெட்டியில் கிடந்தது.

ஒரு தப்பு செய்து பார்த்தேன், சொல்லிவிடுகிறேன். இரைச்சலை நீக்கும் மென்பொருளை ஓட்டினேன். 'உஸ்' சத்தம் போனது, கூடவே லூப்பின் சலசலப்பு தண்ணீருக்குள் மணியாட்டுவது போல் ஆனது. ஐந்து நாள் மெனக்கெட்டு மீட்டதை ஐந்து விநாடியில் கெடுக்க முடிகிறது. அழித்துவிட்டு, இரைச்சலோடு அப்படியே வைத்துக்கொண்டேன். பாட்டுகளுக்கு நடுவே வெட்டி, பத்துக் கோப்புகளாகச் சேமித்தேன்.

'ஃப்ளட்'டை மட்டும் சித்தப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அங்கே காலை ஆறரை. பத்து நிமிடம் கழித்து அவர் குரல் வந்தது. "நல்லாத்தான் இருக்கு மக்கா. பேஸ் கொஞ்சம் கூட வச்சிருக்கலாம். அது கெடக்கட்டும், எந்தக் கேசட்ல ஏத்தின, சி-60யா சி-90யா?"

இதைக் கேசட்டில் ஏற்றவில்லை, கேசட்டிலிருந்து இறக்கினேன் என்று விளக்கி ஒரு குரல்பதிவு அனுப்பியிருக்கிறேன். ரெண்டு நீல டிக் விழுந்து மூன்று நாள் ஆகிறது.